சிவப்புக்கோட்டு அண்ணி

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் அண்ணனை "வாங்க, போங்க" என்று கூப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் "நீ, வா, போ"தான். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அங்கே மரியாதைக்கு வேலையில்லை. அடுப்படியிலிருந்து "சாப்பிட வாங்க" என்று குரல் வந்தால் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் மாடிக்குப் போய்விடுவான். நான் அவளுடைய நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் எழுதிவைத்தானோ தெரியாது, அவள் எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே நான் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆள் பலம் தேவைப்பட்டது.

அவளுடைய அப்பா பரம சாது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போனபோது, "அவருக்கு என்ன அவசரமோ பாவம்" என்றாராம். அந்தக் குடும்பத்துக்கு மொத்தமாகச் சேர வேண்டிய கோபத்தைக் கடவுள் தன் ஒருத்தி தலையில் கொட்டிவிட்டார் என்று அண்ணி சொல்வாள். கதவில்லாத அந்த வீட்டில் வாசலுக்குக் குறுக்கே மேசையைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள் அவள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனை லேபில். எனக்கும் அங்கேயே வேலை. வருகிற பொருளைப் பெட்டியிலிருந்து பிரித்து, எண் ஒட்டி, அலமாரியில் அடுக்குவது என் பாடு. அதைச் சோதித்துப் பார்ப்பது அவள் பாடு. மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. மிக்ஸியோ கடிகாரமோ பொம்மைக் காரோ, எதுவானாலும் கொஞ்சம் ரேடியோ அலையை வெளியே கசியவிடும். கசிவு அளவோடு இருந்தால் பாதகமில்லை. மீறினால் அக்கம்பக்கத்துக் கருவிகளைக் கெடுக்கும். அதனால் கடைக்கு வருமுன் சோதித்தாக வேண்டும் என்று சட்டம்.

அதற்காக லேபில் லாரி நுழைகிற அளவுக்கு ஓர் இரும்பு அறை இருக்கிறது. சேம்பர் என்போம். உள்ளே சுவரெங்கும் கூரையெங்கும் நீல நிற நுரைக் கூம்புகள் கூர்கூராக நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் வட்டமேடை. பொருளை அதில் வைத்துக் கதவைச் சாத்தினால் மேடை மெல்லச் சுற்றும், எதிரே ஆண்டெனா ஒரு கம்பத்தில் ஏறி இறங்கும். வெளியே இருக்கும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு கோடு புல் முளைத்த மாதிரி குத்துக்குத்தாக எழும்பும். அதற்கு மேலே நேராகச் சிவப்புக் கோடு. பச்சை சிவப்பைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கோட்டில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதால் வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் சிவப்புக்கோடு. "இன்னைக்கு சிவப்புக்கோடு டூட்டியா?" என்று என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்பார்கள். ஆமாம் என்றால் முகம் தொங்கிப்போகும். அவர்களோடு வாதாடி அலுத்தால் அண்ணி சேம்பருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவாள். வெளியே ஒரு சத்தமும் வராது. கேமராவில் வாய் மட்டும் அசையும். முடித்துவிட்டு வெளியே வந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க சார்" என்பாள்.

என் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் கம்பெனியில் மேலாளர். பொத்தானை அழுத்தினால் தலைமாடு தூக்கும், கால்மாடு இறங்கும் மோட்டார் கட்டில். புதிதாக அதில் ஒயர்லெஸ் மாட்யூல் ஒன்றையும் வைத்திருந்தார்கள். கட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது, நோயாளி எழுந்துவிட்டாரா என்பதையெல்லாம் அது நர்ஸின் மேசைக்கு அனுப்பும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகள் வார்டுக்கு மொத்தமாக அந்தக் கட்டிலைக் கேட்டிருந்தார்கள். அதே வார்டில்தான் அடுத்த மாதம் எங்கள் அம்மாவுக்கும் இடம் போட்டிருந்தது. வால்வு ஆபரேஷன். அம்மா தன் நோயை மறந்து கட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். காய்காரரிடம்கூட, "எம்பையன் செஞ்ச கட்டில்லதான் படுக்கப் போறேன்" என்று சொல்லியாகிவிட்டது.

சோதனைக்குக் கட்டில் வந்த அன்று அண்ணனும் கூடவே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"இதோ பாரு, மாட்யூலுக்கு ஏற்கெனவே சர்டிஃபிகேட் இருக்கு," என்றான் அண்ணியிடம். "அதை மறுபடி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம். ஒயர்லெஸ்ஸை ஆஃப் பண்ணிட்டு கட்டிலை மட்டும் பார்த்தா போதும். ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

அண்ணி குனிந்து கட்டிலின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"மாட்யூல் பாஸ் ஆனது அது பொறந்த வீட்டுல. தனி போர்டு, தனி ஆண்டெனா, பக்கத்துல ஒரு தொல்லை கிடையாது. இப்போ நீங்க அதைப் புகுந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, இரும்புச் சட்டத்துக்குள்ள, மோட்டார் வயரோட சேர்த்துக் கட்டி வெச்சிருக்கீங்க. இங்க அது எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"நீங்க" வந்துவிட்டது. நான் எண் ஒட்டுவதில் மும்முரமாகிவிட்டேன்.

கட்டிலை மட்டும் ஓட்டினாள். பச்சைக் கோடு அடக்கமாகக் கிடந்தது. மோட்டாரை நிறுத்தி மாட்யூலை மட்டும் ஓட்டினாள். அதுவும் குறையில்லை. பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டினாள். பச்சைக் கோட்டில் ஒரே ஓர் இடம் ஆணி மாதிரி எழும்பி, சிவப்பைக் குத்திக்கொண்டு மேலே போனது. மாட்யூல் விடும் அலையைப் பக்கத்திலிருக்கும் மோட்டார் வயர் வாங்கி, தன் இரைச்சலோடு கலந்து, வேறோர் இடத்தில் துப்புகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். துப்புகிற இடம்தான் மோசம். இதய நோயாளியின் மார்பில் ஒட்டுகிற சின்னப் பெட்டி, நர்ஸின் திரைக்கு நாடித்துடிப்பை அனுப்புமே, அது பேசுகிற அலைவரிசைக்கு நேராக விழுந்தது.

"கொஞ்சம்தானே தாண்டுது," என்றான் அண்ணன்.

"தாண்டுதுல்ல?"

"அதைச் சரிபண்ணணும்னா இரும்புச் சட்டத்தையே மாத்தணும். அச்சு வேற போடணும். டெலிவரி மூணு மாசம் தள்ளிப் போகும். எங்க எம்.டி. என்னைக் கொன்னுடுவார்."

"கொல்லட்டும். உங்க ஒருத்தரோட போகும்."

வீட்டில் அன்றிலிருந்து தினமும் இதே கச்சேரிதான். அந்தக் கோட்டை யாரோ எங்கேயோ ஆபீசில் உட்கார்ந்துகொண்டு போட்டான், எத்தனையோ பொருள் தாண்டுகிறது, உலகம் அழிந்தா போயிற்று என்று அண்ணன் சப்பைக்கட்டு கட்டினான். அம்மா ஹாலிலிருந்து, "என்னடா அங்க சத்தம்?" என்பாள். "ஆபீஸ் விஷயம்மா" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். அம்மாவுக்கு அதிர்ச்சி, கவலை எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு விஷயத்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமை.

"உங்க அம்மா அந்த வார்டுலதான் படுக்கப் போறாங்க. அதையாவது யோசிச்சீங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"எங்கம்மாவை நான் ஆபத்துல விடுவேனா? அந்தக் கட்டில்லயேதான் படுப்பாங்க. அதுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் சொல்றேன்."

நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அடுத்த வாரம் அண்ணனின் எம்.டி. எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு, "கஸ்டமர் எந்த நிலையில டெஸ்ட் பண்ணச் சொல்றாரோ அந்த நிலையில பண்றதுதாம்மா நம்ம வேலை" என்றார். முடியாது என்றாள். சரி, உன்னால் முடியாவிட்டால் போ, ஆளா இல்லை என்று கட்டிலைச் சிரிப்பு சாரிடம் கொடுத்துவிட்டார். சிரிப்பு சார் எங்கள் லேபின் இன்னொரு இன்ஜினியர். எதைச் சொன்னாலும் சிரிப்பார். மாட்யூலை அணைத்து, கட்டிலை ஓட்டி, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த ரிப்போர்ட்டை நான்தான் உறையில் போட்டேன். "ஒயர்லெஸ் அணைக்கப்பட்ட நிலையில்" என்று பொடி எழுத்தில் இருந்தது. பின்னால் மாட்யூலின் பழைய சர்டிஃபிகேட்டை இணைத்திருந்தார்கள். முன்னதும் உண்மை, பின்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படிப்பவன் கட்டில் மொத்தமும் பாஸ் என்று நினைப்பான். ஒரு வரி பொய் இல்லாமல் முழுப் பொய்யைக் கட்டித் தைத்திருந்தார்கள். அன்றிலிருந்து சிரிப்பு சார் வணக்கம் சொன்னால் நான் சுவரைப் பார்க்கிறேன்.

அண்ணி சும்மா இருக்கவில்லை. அரசு அலுவலகத்துக்கு எழுதினாள். உங்கள் புகார் வரிசைப்படி கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் கொள்முதல் பிரிவுக்குப் போன் செய்தாள். "ரிப்போர்ட்ல பாஸ்னு இருக்கே மேடம், நீங்க யாரு?" என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னாள். மறுநாளே முதலாளி, இன்னொரு போன் போனால் வேலை போய்விடும் என்றார். அன்று அவள் சேம்பருக்குள் போய்க் கத்தவில்லை. வந்திருந்த வேறு கம்பெனி ஆட்கள் முன்னாலேயே, "போனா போகட்டும்! இந்தக் கையால நீங்க சொல்றதையெல்லாம் நான் எழுத மாட்டேன்!" என்று கத்தினாள். வேலை போகவில்லை. அவளை அனுப்பிவிட்டால் சட்டப்படி கையெழுத்துப் போட லேபில் ஆள் பற்றாது. முதலாளிக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

கட்டில்கள் சொன்ன தேதிக்கு வார்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பே அம்மாவையும் சேர்த்தார்கள். அண்ணன் காலையிலேயே போய் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டு எங்களுக்குப் போன் செய்தான். நானும் அண்ணியும் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குப் போனோம்.

நீளமான வார்டு. வாசலுக்குப் பக்கத்தில் நர்ஸின் மேசை, அதில் பெரிய திரை. ஒவ்வொரு நோயாளியின் துடிப்பும் ஒரு கோடாக அதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று புதுக் கட்டில்கள், பக்கவாட்டில் நீலப் பொத்தான்கள். அம்மா மட்டும் ஜன்னலோரத்தில், பெயின்ட் உதிர்ந்த பழைய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் கையால் சுற்றித் தூக்குகிற கைப்பிடி. எங்களைக் கண்டதும் பொருமித் தீர்த்துவிட்டாள்.

"இந்த அநியாயத்தைப் பாருங்கடி! வார்டு முழுக்க எம்பையன் செஞ்ச கட்டில். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பெத்தவ எனக்கு மட்டும் இந்த ஓட்டை உடைசல். யார் இங்க ஏற்பாடு பண்றது?"

மேசையிலிருந்த நர்ஸ் சிரித்தாள். "உங்க மகன்தாம்மா. உங்களுக்குப் புதுக் கட்டில்தான் போட்டிருந்தோம். அவர்தான் காலையில வந்து, எங்கம்மாவுக்கு மட்டும் பழசு கொடுங்கன்னு கெஞ்சிக் கேட்டார். ஸ்டோர்லேர்ந்து இழுத்துட்டு வந்தோம்."

அண்ணி அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். இப்போது முகத்தில் சொட்டு ரத்தமில்லை. ஒண்ணும் இல்லை என்று நெஞ்சில் கை வைத்தவன், எல்லாம் தெரிந்தே வைத்திருக்கிறான். தெரிந்து, தன் அம்மாவை மட்டும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்களின் அம்மாக்களை அதிலேயே படுக்கவிட்டிருக்கிறான். கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூசியது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மருந்துப் பையோடு உள்ளே வந்தான்.

"ஏங்க," என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "அத்தைக்கு மட்டும் எதுக்குப் பழைய கட்டில்?"

"அது... இங்க ஜன்னல் காத்து நல்லா வரும்னு..."

"ஜன்னலோரத்துல புதுக் கட்டில் போட முடியாதா?"

"வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பேசித்தானே இங்க வந்து நிக்கிறோம்! இவங்களைப் பத்தியெல்லாம் யார் வீட்டுல போய்ப் பேசுறது? சொல்லுங்க, இவங்க யாருக்கும் பிள்ளை குட்டி இல்லையா? உங்க அம்மா நெஞ்சு மட்டும்தான் நெஞ்சா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவும் இல்லை. வீட்டில் ஒரு மாதமாகக் கேட்ட சத்தம் எதற்கென்று இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

"இதுல படுத்தா என்னடா ஆகும்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா."

"ஒண்ணும் ஆகாதுன்னா எனக்கு ஏன்டா மாத்தின?"

அவன் மருந்துப் பையைக் கை மாற்றினான்.

அம்மா கட்டிலிலிருந்து இறங்கினாள். பக்கத்துக் கட்டிலில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற ஒரு பெண் படுத்திருந்தாள். அம்மாவைவிட இருபது வயது சின்னவள். "நீ எழுந்து என் கட்டிலுக்கு வாம்மா, பாதகமில்ல, மெத்தை சுமாராதான் இருக்கு" என்று அவளைக் கைப்பிடித்து எழுப்பினாள்.

"அம்மா, அப்படியெல்லாம் மாறக் கூடாது," என்று நர்ஸ் எழுந்தாள்.

"எம்பையன் வந்து கேட்டப்போ மாத்தினீங்கல்ல? அவனைப் பெத்தவ கேக்கறேன்."

புதுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். மார்பில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நீலப் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள். மோட்டார் மெல்ல முனகியது. தலைமாடு எழும்பத் தொடங்கியது.

வாசல் பக்கத் திரையில் அம்மாவின் கோடு இரண்டு முறை துள்ளி, அறுந்தது. அந்த இடத்தில் "சிக்னல் இல்லை" என்று வந்தது. மேசை பீப் பீப் என்று கத்தியது. நர்ஸ் திரையைப் பார்க்கவேயில்லை. கை தானாகப் போய் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது.

"ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க," என்றாள் எங்களிடம். "புதுக் கட்டில் வந்ததிலிருந்து இப்படித்தான் அடிக்கடி கத்துது. தானா சரியாயிடும்."

அண்ணன் அதைக் கேட்டான். கையிலிருந்த பை கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இறங்கும்மா," என்றான். "தயவுசெஞ்சு இறங்கும்மா."

"பெரிய டாக்டர் ரூம்லதான் இருக்கார். போய்ச் சொல்லு. கட்டில்ல என்ன கோளாறுன்னு உன் வாயாலயே சொல்லு."

"வேலை போயிடும்மா."

"நீ சொல்ற வரைக்கும் நான் இந்தப் பொத்தானை விட மாட்டேன்டா."

தலைமாடு உச்சிக்குப் போய் நின்றது. அம்மா பொத்தானை மாற்றி அழுத்தி இறக்கினாள். இறங்கியதும் மறுபடி ஏற்றினாள். திரையில் அவள் கோடு வருவதும் போவதுமாக இருந்தது. மேசை மீண்டும் கத்தத் தொடங்கியது. நர்ஸின் கை ஒலியை நிறுத்தப் போனது.

அண்ணி பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க சிஸ்டர்," என்றாள். "கத்தட்டும்."

அது கத்தியது. வார்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, தங்கள் கட்டிலைக் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க அண்ணன் வார்டின் முழு நீளத்தையும் கடந்து பெரிய டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினான். கதவு திறந்து அவன் பேசத் தொடங்கும் வரை அம்மா விரலை எடுக்கவில்லை, அண்ணி நர்ஸின் கையை விடவில்லை.